ஒரு நிமிஷ ஈரம்

அவளுக்கு ஸ்பிரிட் அக்கா என்று பெயர் வைத்தது யார் என்று முதலுதவிப் பயிற்சி மையத்தில் யாருக்கும் தெரியாது. வைத்தவருக்கு மூக்கு நன்றாக வேலை செய்தது என்பது மட்டும் நிச்சயம். காலையில் அவள் தாழ்வாரத்தில் திரும்பும்போதே ஸ்பிரிட் வாசனை முன்னால் வந்து நிற்கும், ஆள் பின்னால் வருவாள். ஒன்பது வருஷமாக அங்கே கருவி அறை அவள் பொறுப்பில் இருந்தது.

கருவி அறையின் முக்கியப் புள்ளிகள் நான்கு பேர். நாலு பேருமே பொம்மைகள். தலை, கழுத்து, மார்பு, அதோடு சரி. இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. மூச்சு நின்றுபோனவரின் மார்பை எப்படி அழுத்துவது, வாயோடு வாய் வைத்து எப்படி ஊதுவது என்று மக்கள் இவர்கள் மேல்தான் பழகுவார்கள். வகுப்புக்கு இருபத்து நாலு பேர் வந்தால் ஒரு பொம்மையின் வாயில் ஆறு பேர் ஊதுவார்கள். ஆறு பேரின் எச்சில், ஆறு பேர் காலையில் சாப்பிட்டது, போதாக்குறைக்கு யாரோ ஒருவரின் சிகரெட். உயிர் காப்பது உன்னதமான காரியம்தான். அதைப் பழகும் இடம் அத்தனை உன்னதமாக இருக்காது என்பது ஸ்பிரிட் அக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

வகுப்பு முடிந்ததும் பொம்மைகள் அவளிடம் வரும். முகத்தோலைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் தேய்த்து, பிளீச்சிங் கரைசலில் பத்து நிமிஷம் முக்கிவைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் மாட்டுவாள். நெஞ்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நுரையீரல் பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வைப்பாள். கொடியில் நாலு முகங்கள் ஆடுவதைப் பார்த்து, விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஒரு தடவை ஏணியோடு திரும்பிப் போயிருக்கிறார்.

வகுப்பு நடக்கும்போது பின்பற்ற வேண்டிய முறை வேறு. ஒருவர் ஊதி முடித்ததும் ஸ்பிரிட் பஞ்சால் பொம்மையின் வாயையும் மூக்கையும் அழுத்தித் துடைக்க வேண்டும். பிறகு ஒரு நிமிஷம் அந்த ஈரத்தைத் தொடாமல் விட வேண்டும். ஸ்பிரிட் தன் வேலையைச் செய்வது அந்த ஒரு நிமிஷத்தில்தான். அது முடிந்த பிறகே அடுத்த ஆள். இதை அவள் கொட்டை எழுத்தில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்தாள். எழுதி ஒட்டியதோடு சரி, வகுப்புக்குள் அவள் கால் வைப்பதில்லை.

அதற்கு ஒரு பழைய கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வகுப்புக்குள் போய், பஞ்சைச் சும்மா ஒப்புக்குத் தடவிய ஒருவரை அவள் அதட்டிவிட்டாள். மாஸ்டர் அவளைக் கதவோரம் அழைத்து, சிரித்துக்கொண்டே, "வகுப்புல ஒரு குரல் போதும்மா" என்றார். அவர் கோபித்திருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். சிரித்துவிட்டதால் ஒன்றும் பேச முடியவில்லை. அன்றிலிருந்து வகுப்பு அவர் ராஜ்யம், கருவி அறை இவள் ராஜ்யம்.

மாஸ்டர் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக வகுப்பு எடுக்கிறார். அவர் தெருவில் போனால் யாராவது வண்டியை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவரிடம் கற்றதை வைத்து அப்பாவையோ மனைவியையோ காப்பாற்றியவர்களாக இருப்பார்கள். பெரிய உடம்பு, வெள்ளை மீசை, எந்நேரமும் வழியும் வேர்வை. அதைத் துடைக்கத் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. அந்தத் துண்டு இல்லாமல் அவரை நேரில் பார்த்தால் அடையாளம் தெரியாமல் போகவும் வாய்ப்புண்டு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் இடி விழுந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் கம்பெனி ஆட்கள் இருபத்து நாலு பேர் பயிற்சிக்கு வந்து போனார்கள். திங்கட்கிழமை அவர்களில் பதினோரு பேர் தொண்டை வலி, காய்ச்சல் என்று படுத்துவிட்டார்கள். எட்டு பஸ் ஓடவில்லை. கம்பெனிக்காரர் போனில் கத்தியது மேனேஜர் அறைக்கு வெளியே நின்ற காவலாளிக்கும் கேட்டது. மேனேஜர் அந்தக் கத்தலை அப்படியே அள்ளிக்கொண்டு கருவி அறைக்கு வந்தார்.

"என்னம்மா கழுவுறீங்க நீங்க?"

"எப்பவும் போலத்தான் சார் கழுவினேன். பத்து நிமிஷம் ஊறவச்சு—"

"எப்பவும் போலன்னா? எப்பவுமே இப்படித்தான் கழுவுறீங்களா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மேனேஜர் நாலு பொம்மைகளையும் குற்றவாளிகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை சுகாதார அதிகாரி வர்றாங்க. பொம்மையை ஒழுங்கா கழுவாததுதான் காரணம்னு அவங்க எழுதிட்டா, இதுங்களைப் பூட்டி வச்சுட்டு வீடியோ போட்டுக் காட்ட வேண்டியதுதான். அப்புறம் உங்களுக்கும் இங்க வேலை இருக்காது. இப்பவே சொல்லிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

வீடியோ பார்த்து நீச்சல் கற்றவர் யாராவது உண்டா என்று அவரைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் மனதில் அப்போது வீடியோவும் இல்லை, வேலைகூட இல்லை. அழுக்கு என்று சொல்லிவிட்டார்கள். தன் கையை, ஒன்பது வருஷம் பிளீச்சிங்கில் வெளிறித் தோல் உரிந்த இந்தக் கையை, அழுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் நெஞ்சில் தைத்தது. அன்று சாயங்காலம் அவள் வெளியே போகும்போது காவலாளி தன் டீ கிளாஸை மெல்ல அந்தப் பக்கம் நகர்த்திவைத்தார். அதையும் அவள் பார்த்தாள்.

செவ்வாய் முழுக்க ஒவ்வொரு படியாக நினைத்துப் பார்த்தாள். கரைசலின் அளவு சரி. நேரம் சரி. நுரையீரல் பை புதுசு. எங்கேயும் பிடி கிடைக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் ஒரு பெண் சான்றிதழ் வாங்க வந்தாள். பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுண்ட்டரில் உட்காருகிறவள். காய்ச்சலில் விழுந்த பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. தொண்டை இன்னும் கம்மியிருந்தது. ஆனால் உதட்டில் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை. பழுத்த மிளகாய் நிறத்தில் லிப்ஸ்டிக் பளபளத்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் ஸ்பிரிட் அக்காவுக்கு எரிச்சல் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை இதே சிவப்பை நாலு முகத்திலிருந்தும் தேய்த்துத் தேய்த்து அவள் கை ஓய்ந்திருந்தது.

"அடுத்த தடவை வரும்போது உதட்டைத் துடைச்சுட்டு வாங்கம்மா. உங்க கூட வந்த மத்த பொண்ணுங்ககிட்டயும் சொல்லிடுங்க."

"மத்த பொண்ணுங்களா? நான் ஒருத்திதான் அக்கா வந்தேன். மீதி இருபத்து மூணும் மீசைதான்."

ஸ்பிரிட் அக்கா பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தாள். உண்மைதான். இருபத்து மூன்று டிரைவர்கள், ஒரு டிக்கெட் கவுண்ட்டர்.

"நீங்க எந்த பொம்மையில பழகினீங்க?"

"ரெண்டாவது பொம்மை. மூக்குல ஒரு கீறல் இருக்குமே, அவன்தான்."

"வேற எதையும் தொடலையா?"

"இல்லக்கா. எங்க ஆறு பேருக்கும் அவன் ஒருத்தன்தான். அவங்கவங்க பொம்மையை விட்டு யாரும் நகரலை."

அவள் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனாள். ஸ்பிரிட் அக்கா விரலை மடக்கி எண்ணினாள். ஒருத்தி உதடு வைத்தது இரண்டாம் பொம்மையில். சிவப்பு இருந்தது நாலிலும். லிப்ஸ்டிக்குக் கால் முளைக்காது. யாரோ அதைக் கொண்டுபோய் மற்ற மூன்று வாயிலும் சேர்த்திருக்கிறார்கள். லிப்ஸ்டிக் போன வழியில் எச்சில் போகாதா? காய்ச்சல் போகாதா?

அன்று வேலை முடிந்ததும் நேராகக் கணவனின் கடைக்குப் போனாள். அவர் முடிதிருத்துபவர். இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, சுவரில் தொங்கும் ஒரு பழைய காலண்டர், இதுதான் கடை. "நானும் நாள் பூரா முகம் துடைக்கிறேன், நீயும் முகம் துடைக்கிற. என் ஆளுங்க வாயை மூட மாட்டாங்க, உன் ஆளுங்க வாயைத் திறந்தபடியே பேசாம இருக்காங்க. நீ கொடுத்து வச்சவ" என்பது அவர் வருஷக்கணக்காகச் சொல்லும் ஜோக். அவளும் வருஷக்கணக்காக அதற்குச் சிரிப்பதில்லை.

அவர் ஒருவருக்கு மீசையில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். அவள் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே சாயத்தைக் கழுவி, முகத்தைத் துண்டால் ஒற்றி எடுத்தார். துண்டில் கரேல் என்று சாயம் ஒட்டியிருந்தது. அதை வாளியில் எறிந்துவிட்டு, அடுத்து உட்கார்ந்தவருக்கு அலமாரியிலிருந்து வேறு துண்டு எடுத்தார்.

"சாயம் கொஞ்சம்தானே, அதையே போட்டிருக்கலாமே" என்றார் வந்தவர் பெருந்தன்மையாக.

"போடலாம். உங்க கன்னத்துல அவர் மீசை முளைச்சா நான் பொறுப்பில்லை. நம்ம கடையில ஒரு முகத்துக்கு ஒரு துண்டு சார்."

ஸ்பிரிட் அக்கா வாளியில் கிடந்த துண்டையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண்ணுக்கு அது வேறொரு துண்டாகத் தெரிந்தது. அகலமான ஒரு தோளில் கிடக்கும் துண்டு.

"மாஸ்டர் துண்டுங்க" என்றாள்.

கணவர் கத்தரிக்கோலை நிறுத்தினார். "எந்த மாஸ்டர்? உங்க மாஸ்டரா? வாயை மூடு. அவரைப் போய்ச் சொன்னா பாதி ஊரு உன் மேல பாயும். அவர்கிட்ட கத்துக்கிட்டு பிழைச்ச குடும்பம் எத்தனைன்னு தெரியுமா?"

"தெரியும். அதுக்காக என் கையை அழுக்குன்னு எழுதட்டும்கிறீங்களா?"

அவர் கத்தரிக்கோலை மறுபடி ஓடவிட்டார். நாற்காலியில் இருந்தவர்தான், பாதி முடி வெட்டிய தலையோடு, "அந்தம்மா கேக்கிறது நியாயம்தானே" என்றார்.

வியாழக்கிழமை அவள் மாஸ்டரிடமே போனாள். முதுகுக்குப் பின்னால் குழி பறிப்பது அவளுக்கு வராது. சொல்ல வேண்டியதை மூஞ்சிக்கு நேரே சொன்னால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். லிப்ஸ்டிக் விஷயத்தை முதலிலிருந்து சொல்லி, கடைசியில் துண்டுக்கு வந்தாள். மாஸ்டரின் சிரிப்பு அங்கேதான் நின்றது.

"இது என் வேர்வை துடைக்கிற துண்டு. இதால நான் பொம்மையைத் துடைச்சேன்னு சொல்றியா?"

"உங்களுக்கே தெரியாம கை போயிருக்கலாம் மாஸ்டர்."

"என் கை எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமா இந்தக் கையைப் பார்த்துத்தான் ஊரே கத்துக்கிட்டிருக்கு." அவர் முகம் சிவந்துவிட்டது. "சரி. நாளைக்கு அதிகாரி முன்னாடி வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பொண்ணையும் வரச் சொல்லு, அதே லிப்ஸ்டிக்கோட. நீயும் உள்ள வந்து உட்காரு. என் துண்டு பொம்மை மேல பட்டா எல்லார் முன்னாடியும் சொல்லு. படலைன்னா..."

"படலைன்னா நானே சாவியைக் கொடுத்துட்டுப் போயிடறேன் மாஸ்டர்."

சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என்ன காரியம் செய்துவிட்டாள். எச்சரிக்கப்பட்ட ஆள் ஜாக்கிரதையாக இருப்பார். ஒரே ஒரு நாள் அவர் கையைக் கட்டிக்கொண்டு வகுப்பு எடுத்துவிட்டால் போதும், ஒன்பது வருஷமும் தண்ணீரோடு போய்விடும்.

மறுநாள் காலையில் கணவர் அவள் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். கைக்குட்டையில் பாதி அளவுக்கு வெட்டிக் கொதிக்கவைத்துக் காயப்போட்ட வெள்ளைத் துணிகள், நாற்பதுக்குக் குறையாது. "ஒரு முகத்துக்கு ஒண்ணு" என்றார். "உன் ஆளுங்களுக்கு என் கடை மரியாதை." அந்த ஜோக்குக்கு அவள் சிரித்தாள்.

வகுப்பறையில் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். காய்ச்சல் தொடாத பதினோரு டிரைவர்கள், பன்னிரண்டாவதாக, தொண்டை முழுக்கத் தெளிந்து மிளகாய்ப்பழ உதட்டோடு டிக்கெட் கவுண்ட்டர். ஒரு பொம்மைக்கு மூன்று பேர். சுகாதார அதிகாரி சின்ன உருவப் பெண்மணி, பெரிய கண்ணாடி, மடியில் நோட்டு. மேனேஜர் அவருக்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் காற்றடித்தாலும் சாயத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிட் அக்கா கடைசி வரிசையில் இடம் பிடித்தாள். எட்டு வருஷத்துக்கு மேல் கழித்து அந்த அறைக்குள் உட்காருகிறாள்.

மாஸ்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு தொடங்கினார். தோளில் துண்டு, சலவை செய்த புதுத் துண்டு. டிக்கெட் கவுண்ட்டர் இரண்டாம் பொம்மையில் ஊதினாள். பொம்மையின் மார்பு அழகாக எழும்பித் தணிந்தது. அவள் பஞ்சால் துடைத்துவிட்டு விலகினாள். மாஸ்டரின் கை முதுகை விட்டு வரவில்லை. மற்ற மூன்று பொம்மைகளிலும் முதல் ஆட்கள் ஊதினார்கள், துடைத்தார்கள். அப்போதும் கை வரவில்லை. ஒருவர் வேண்டுமென்றே திரும்பிப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. மாஸ்டர் அதைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். ஸ்பிரிட் அக்கா இடுப்பில் இருந்த சாவியைத் தடவிக்கொண்டாள்.

இரண்டாவது ஆள் மண்டியிட்டார். தாடி வைத்த டிரைவர். ஒரு நிமிஷம் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. ஈரமாக இருந்த வாயில் அப்படியே வாய் வைத்து, சட்டென்று எழுந்து முகத்தைச் சுளித்தார்.

"மாஸ்டர், நாக்கு எரியுது."

"இரு இரு, வந்துட்டேன்" என்றார் மாஸ்டர்.

அவ்வளவுதான். இரக்கம் வந்ததும் கட்டிய கை தானாக அவிழ்ந்துகொண்டது. துண்டு தோளிலிருந்து இறங்கி, இரண்டாம் பொம்மையின் வாயைப் பக்குவமாக ஒற்றி எடுத்தது. "தலையை நல்லா பின்னால சாய்க்கணும்பா, அப்போதான் காத்து உள்ள போகும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பொம்மைக்குப் போனார். அங்கேயும் ஈரம், அங்கேயும் ஓர் ஒற்று. ஒரு தடவை ஒரு பெயிண்டர் ஏணியிலிருந்து விழுந்து பிழைத்த கதையைத் தொடங்கினார். கதை சூடுபிடிக்க நெற்றியைத் துடைத்தார், வாயைத் துடைத்தார், மீசையை நீவிவிட்டார், நாலாம் பொம்மையைத் துடைத்தார், முதல் பொம்மையைத் துடைத்தார். அறையில் இருந்த அத்தனை கண்ணும் துண்டோடு சேர்ந்து போய் வந்தது. அவர் ஒருவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. பெயிண்டர் எழுந்து உட்கார்ந்த இடத்தில் கதையை முடித்துவிட்டு, எல்லாரும் ஏன் இப்படி உறைந்துபோய் இருக்கிறார்கள் என்று மாஸ்டர் சுற்றிப் பார்த்தார்.

டிக்கெட் கவுண்ட்டரால் அடக்க முடியவில்லை. "மாஸ்டர்," என்றாள், "உங்க மீசையில என் லிப்ஸ்டிக்."

டிரைவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அதிகாரிகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டர் ஜன்னல் கண்ணாடியில் பார்த்தார். வெள்ளை மீசையின் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது.

ஸ்பிரிட் அக்கா சிரிக்கவில்லை. எழுந்து முன்னால் போனாள். "துண்டைக் கொஞ்சம் தர்றீங்களா மாஸ்டர்?" என்று கேட்டு வாங்கி விரித்துப் பிடித்தாள். சிவப்பு நாலைந்து இடத்தில் படர்ந்திருந்தது. பிறகு நாலு துண்டுப் பஞ்சு எடுத்து, ஒவ்வொரு பொம்மையின் உதட்டோரமாக அழுத்தி உருட்டி மேஜை மேல் வரிசையாக வைத்தாள். இரண்டாவதில் நல்ல சிவப்பு. முதலாவதில், மூன்றாவதில், நாலாவதில் மெல்லிய சிவப்பு. மெல்லியதுதான், ஆனால் கண் உள்ள யாருக்கும் தெரிகிற சிவப்பு.

"போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தாங்க இருந்தது" என்றாள் அதிகாரியிடம். "அன்னைக்கு நான் புரிஞ்சுக்கலை. லிப்ஸ்டிக் கண்ணுக்குத் தெரியுது. தெரியாததும் இதே வழியிலதான் போயிருக்கும்."

சிரிப்பு அடங்கிவிட்டது. பின்னாலிருந்து தாடிக்கார டிரைவர் கையைத் தூக்கினார். "மேடம், அன்னைக்கு என் பக்கத்து சீட்டுக்காரனுக்குத் தொண்டை கரகரன்னு இருந்துச்சு. பயிற்சிக்கு வரலைன்னா லீவுல கழிச்சிடுவாங்கன்னு சொல்லாம வந்தான். அவனும் ரெண்டாவது பொம்மைதான்."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். "சரி. தப்பா எப்படின்னு பார்த்தாச்சு. சரியா எப்படின்னு யார் காட்டுறீங்க?"

"மாஸ்டர் காட்டுவார் மேடம்" என்றார் மேனேஜர் வழக்கம்போல முந்திக்கொண்டு.

மாஸ்டருக்கு வேர்வை வழிந்தது, துடைக்கத் துண்டு இல்லை. அந்தப் பெரிய உடம்பு ஒரே நாளில் இளைத்துவிட்டதுபோல் நின்றார். ஸ்பிரிட் அக்காவுக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"வகுப்புல ஒரு குரல் போதும்னு நான்தான் இவங்ககிட்ட சொன்னேன்" என்றார் மாஸ்டர் கடைசியில். குரல் மட்டும் பழைய கணீர்க் குரலாகவே இருந்தது. "அந்த ஒரு குரல் தப்பாப் போனா என்ன ஆகும்னு நான் யோசிக்கலை. நாக்கு எரியக் கூடாதேன்னு துடைச்சிருக்கேன் போல. எத்தனை வருஷமா துடைச்சேனோ. இவங்க கை சுத்தம் மேடம். எழுதிக்கோங்க. அழுக்கு என் தோள்ல இருந்தது."

சொல்லிவிட்டு டிரைவர்களுக்கு நடுவே ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ எடும்மா வகுப்பை" என்றார்.

அவள் எடுத்தாள். மாற்று முகங்களைக் கொண்டுவந்து மாட்டி, நுரையீரல் பைகளை மாற்றி, முதலில் ஒரு கேள்வி கேட்டாள்: "யாருக்காவது தொண்டை வலி, இருமல், உதட்டுல புண் இருக்கா? இருந்தா இன்னைக்கு ஊத வேண்டாம், அழுத்தினா போதும். உங்க சான்றிதழுக்கு நான் பொறுப்பு." யாருக்கும் இல்லை. பஞ்சை எப்படிப் பிழிய வேண்டும், உதட்டு மடிப்பிலும் மூக்கு ஓட்டையிலும் எப்படி அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று காட்டினாள். முதல் பஞ்சு அழுக்கை எடுக்கும், இரண்டாவது புதுப் பஞ்சுதான் ஈரத்தை விட்டுவைக்கும் என்றாள். டிக்கெட் கவுண்ட்டர் உதட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்து இரண்டாம் பொம்மையில் ஊதி, சொன்னபடியே துடைத்தாள்.

"இப்போ யாரும் தொடாதீங்க. ஒரு நிமிஷம். கடிகாரத்தைப் பாருங்க."

சுவர்க் கடிகாரத்தின் செகண்ட் முள் நகர்ந்தது. பன்னிரண்டு பேரும், அதிகாரியும், மேனேஜரும் அதையே பார்த்தார்கள். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. முள் ஒரு சுற்று முடித்ததும் அவள் பொட்டலத்திலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, பொம்மையின் வாயை ஒரு தடவை ஒற்றி வாளியில் போட்டாள். "நாக்கும் எரியாது. ஒரு முகத்துக்கு ஒரு துணி. திரும்ப எடுக்கக் கூடாது."

எல்லாரும் ஒரு சுற்று முடித்தார்கள். அதிகாரி தன் கையாலேயே நாலு பஞ்சு எடுத்து, நாலு உதட்டோரமும் உருட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். முதலாவது வெள்ளை. மூன்றாவது வெள்ளை. நாலாவது வெள்ளை. கடைசியாக மூக்கில் கீறல் விழுந்த இரண்டாவதன் பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவும் வெள்ளை.

"பொம்மைங்க இங்கேயே இருக்கட்டும்" என்றார் அதிகாரி, நோட்டை மூடி. "இனிமே ஒவ்வொரு வகுப்புலயும் இவங்க உள்ள இருக்கணும். வெளியில இல்லை. இதை நான் எழுத்துல தர்றேன்."

"நான் அப்பவே நினைச்சேன் மேடம், இவங்க கழுவினா தப்பே வராதுன்னு" என்றார் மேனேஜர். டிரைவர்கள் அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். அவர் போன் வந்ததுபோல் வெளியே எழுந்து போனார். அந்தச் செய்தி அவருக்கு முன்பே வாசலுக்குப் போய்விட்டது போலிருக்கிறது. காவலாளி இரண்டு கிளாஸ் டீயோடு கதவோரம் வந்து நின்று, ஒன்றை ஸ்பிரிட் அக்காவுக்கு நீட்டினார். அவள் அதை வாங்கி மேஜையில் வைத்தாள். இன்னும் ஓர் ஆள் பாக்கி இருந்தது.

"மாஸ்டர், நீங்க இன்னும் பழகலையே" என்றாள்.

டிரைவர்கள் கை தட்டினார்கள். மாஸ்டர் எழுந்து வந்து, முட்டி நோக இரண்டாம் பொம்மை முன் மண்டியிட்டார். ஊதினார்; இருபத்திரண்டு வருஷத்து ஊதல், மார்பு படகுபோல் எழும்பியது. பஞ்சு எடுத்தார், மடிப்பு மடிப்பாகத் தேய்த்தார், புதுப் பஞ்சால் ஈரம் விட்டார். அப்புறம் அவர் வலது கை மெல்லக் கிளம்பி இடது தோளுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை அந்தரத்தில் நின்றது.

"இன்னும் நாற்பது செகண்ட் இருக்கு மாஸ்டர்" என்றாள் ஸ்பிரிட் அக்கா.

அவர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக் கடிகாரத்தைப் பார்த்தார். அறை முழுவதும் அவரோடு சேர்ந்து பார்த்தது. அவள் சொன்ன நாற்பது செகண்டும் முடியும் வரைக்கும் அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.